ஜோடி அண்ணனின் வலது கால்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எத்தனை ஷூ கம்பெனி இருக்கிறதோ அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஜோடி அண்ணனைப் போல ஒரு கண் கிடைக்காது. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா, எடை ஒன்றா, தையல் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது அவர் வேலை. அவர் சேர்த்ததைப் பெட்டியில் போட்டு லாரி ஏற்றுவது டிஸ்பேட்சில் இருக்கும் என் வேலை.

அந்தக் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. கேன்டீனில் தட்டில் இரண்டு வடை விழுந்தால், கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்ப்பார். "இது கம்மி, மாத்திக் குடுபா" என்று ஒன்றைத் திருப்பி அனுப்புவார். குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டப வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடப்பதைப் பொறுக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து அடுக்கினார். வந்தவர்கள் அவரிடம் டோக்கன் கேட்டார்கள். முன்னூறு ஜோடி அடுக்கி நிமிர்ந்தால் அவருடைய செருப்பைக் காணோம். வெறுங்காலோடு பஸ் ஏறினார். "போனா போவுது, ரெண்டும் சேந்துதானே போச்சி" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் கடலுக்குள் போனதற்குக் கம்பெனி டூர்தான் காரணம். புதுச்சேரியில் நாங்கள் எல்லோரும் கரையில் சுண்டல் தின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் கடலுக்கடியில் முங்கி நீந்தும் ஸ்கூபாவுக்கான விளம்பரப் பலகையைப் பார்த்துப் படகேறிவிட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு போட்டோ, முகத்தில் அவமானம்.

"பாருபா. எல்லாரும் மீனாட்டம் படுத்துனு இருக்காங்க. நான் மட்டும் கெணத்துல உட்ட வாளி மாதிரி தலைகீழா தொங்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் போட்டோவைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவர் முறைப்படி கோர்ஸில் சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் போனார். தண்ணீருக்குள் தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மிதப்பதற்கு ட்ரிம் என்று பெயராம். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சொல்லிக்கொடுத்த பெண் அவருடைய இடுப்பு ஈய பெல்ட்டை இறக்கிக் கட்டிப் பார்த்தாள். முதுகுச் சிலிண்டரைக் கீழே தள்ளிப் பார்த்தாள். கால்கள் மேலேதான் போயின.

"அங்கிள், உங்க கால் ரொம்ப லேசு. கணுக்கால்ல காலுக்கு அரைக் கிலோ வெயிட் கட்டிப் பாக்கலாம். அதுக்கு மேல வேணாம், கால் ஓஞ்சிடும்" என்றாள் கடைசியில்.

அது கடையில் கிடைக்கும். வாங்கமாட்டேன் என்றுவிட்டார். "ரெண்டும் ஒரே வெயிட்டுன்னு கடைக்காரன் எழுதிக் குடுப்பானா?" உப்புத் தண்ணீரில் தோல் விறைத்துப்போகும் என்பதால், தோலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு வந்த ரப்பர் துணியில் மிச்சத்தை எடுத்துத் தானே இரண்டு பட்டை தைத்தார். மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வரவழைத்து, பட்டைக்கு இருபதாகப் போட்டு, கம்பெனித் தராசில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை குண்டுகளை அரத்தால் ராவினார்.

பழக வேண்டும் என்று அதைக் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். "இன்னாணா, கால்ல வெலங்கா?" என்று கேட் வாட்ச்மேன் தினமும் கேட்டார். நெமிலிப் பக்கம் மாமியார் வீட்டுப் பம்புசெட் தொட்டியில் ஒரு நாள் அசையாமல் குப்புற மிதந்து பயிற்சி செய்திருக்கிறார். துணி துவைக்க வந்த சின்ன மாமியார் போட்ட கூச்சலில் கழனி வேலைக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, "காலு லெவலா இருந்திச்சா?"

இதுவரை சிரித்தாயிற்று. இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன்.

அவருக்குக் கடைசித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வாரம் என்னுடைய பன்னிரண்டு பெட்டிகளை அவர் நிறுத்திவிட்டார். வலது ஷூ ஒரு பொட்டு மஞ்சளடிக்கிறது என்றார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரி காத்திருக்க, மேனேஜர் லைன் மொத்தத்தையும் வைத்துக்கொண்டு என்னைத்தான் வறுத்தெடுத்தார். அந்த எரிச்சல் எனக்குள் அப்படியே இருந்தது. இது தெரியாமல் அவர் என்னைத்தான் துணைக்கு அழைத்தார்.

"தோஸ்த்து, நீ வந்து பாரு. நான் படுத்துக் காட்டறேன்."

போனேன். செஞ்சியில் டீ குடிக்க பஸ் நின்றது. அவர் இறங்கினார். பை சீட்டில் இருந்தது. வலது கால் பட்டையைத் திறந்து பத்துக் குண்டுகளை எடுத்து என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். சின்ன வேடிக்கை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேடிக்கை இல்லை, பழிதான்.

அவர் கையில் எடுத்திருந்தால் அந்த நிமிடமே பிடித்திருப்பார். சிலிண்டரை மாட்டியபின் குனிய முடியாது என்பதால், படகில் உதவிக்கு இருந்தவர்தான் பட்டைகளைக் கட்டிவிட்டார். தண்ணீருக்குள் கை கால் ஆட்டாமல் ஒரு நிமிடம் மட்டமாக மிதக்க வேண்டும். கூடப் போனவர் எடுத்த வீடியோவை அவர்கள் மேலே வந்ததும் பார்த்து, என் போனுக்கும் வாங்கிக்கொண்டேன். இடது கால் சொன்ன பேச்சு கேட்கிறது. வலது கால் மட்டும், யாரோ மேலே கூப்பிட்டாற்போல எழுந்து போகிறது. அவர் அழுத்துகிறார், மறுபடி எழுகிறது. கடைசியில் உடம்பே ஒருக்களித்துப் புரண்டுவிட்டது.

"இன்னைக்கு வேணாம் அங்கிள், இன்னொரு நாள் பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

திரும்புகிற பஸ் செஞ்சியைத் தாண்டுவதற்குள் வீடியோவைக் கம்பெனி குரூப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் லைனில் பாதிப் பேர் வலது காலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவரும் சிரித்தார்.

பட்டைகளை எடை போட்டுப் பார்ப்பார், என்னைப் பிடிப்பார், இரண்டு நாள் பேசமாட்டார், அதோடு தீரும் என்று நினைத்திருந்தேன். அவர் எடையே போடவில்லை. பையை அப்படியே பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். தன் கையால் எடை பார்த்த பொருள் தப்பாகாது என்பது அவர் கணக்கு. ஆகவே தப்பு காலில்தான் இருக்க வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு காலாக முட்டிவரை விட்டு, வழிந்த தண்ணீரை அளந்திருக்கிறார். வலது காலுக்கு ஒரு டம்ளர் கூடுதலாக வழிந்தது. யார் காலை விட்டாலும் கூடக்குறையத்தான் வரும் என்று அவருக்கு யார் சொல்வது? பாகாயத்தில் ஒரு டாக்டர் சொன்னார். "மனுஷங்க எல்லாருக்குமே அப்படித்தான், போய்ட்டு வாங்க." அதுதான் அவரை உடைத்தது.

"பாத்தியாபா" என்றார் என்னிடம். "முப்பது வருஷமா ஜோடி சேரல, ஜோடி சேரலன்னு ஊரு ஷூவ எல்லாம் தூக்கிப் போட்டேன். என் காலே ரிஜெக்ட்டு."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "உடுங்கணா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் மேனேஜரிடம் போய், என் கண் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டு, லேஸ் கோர்க்கும் மேசைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் எதையும் நிறுத்துவதில்லை. என் லாரிகள் நேரத்துக்குப் போயின. மேனேஜர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பத்துக் குண்டுகளும் என் மேசை டிராயரில் இருந்தன. திறக்கும்போதெல்லாம் உருண்டு சத்தம் போட்டன.

நாற்பது நாள் இப்படிப் போனது. ஒரு மதியம் கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு வடை. அவர் தூக்கிப் பார்க்கவில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எனக்கே தெரிந்தது. அப்படியே பிட்டுத் தின்னத் தொடங்கினார். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய் டிராயரிலிருந்து குண்டுகளைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணா, உங்க வலது கால் பட்டையிலேந்து நான்தான் எடுத்தேன். செஞ்சியில."

அவர் குண்டுகளை வாரி உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தார். "எரநூத்தி அம்பது" என்றார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ என் காலு ஜோடிதானா?"

"ஜோடிதாண்ணா."

"அட பேஜார் புடிச்சவனே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. மிச்சமிருந்த வடையைத் தூக்கிப் பார்த்தார். "இது கம்மி" என்று குரல் கொடுத்தார். அன்று மதியமே பழைய மேசைக்குத் திரும்பினார். முதல் வேலையாக என் பெட்டிகள் ஆறை நிறுத்தினார்.

யார் செய்தது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. குரூப்பில் வீடியோ போட்ட என் கை, அந்தக் குண்டுகளைப் பற்றி ஒரு வரி போடவில்லை. அதற்குத் தைரியம் வராமல்தான் இவ்வளவு நாள் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த முறை பலகை போலப் படுத்துக் காட்டித் தேர்ச்சி அட்டை வாங்கிவிட்டார். எனக்கு மறக்காமல் இருப்பது அன்று போன வழி. மறுபடியும் என்னைத்தான் துணைக்கு அழைத்திருந்தார். செஞ்சியில் பஸ் நின்றது. எழுந்தவர் கணுக்கால் பட்டைகள் இருந்த பையை என் மடியில் வைத்தார்.

"இத்த புடி. டீ வாங்கினு வர்றேன்."

பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவர் இரண்டு கிளாஸோடு வந்து நின்றார். வழக்கம்போல இரண்டையும் கண்ணுக்கு நேராகத் தூக்கி மட்டம் பார்த்தார். ஒன்றில் கொஞ்சம் ஜாஸ்தி இருந்தது. அதை எனக்கு நீட்டினார்.