பார்டர்லைன் அண்ணாச்சியும் சென்னைக் கப்பலும்

அந்தமான் தீவுகள் முழுக்கச் சலித்துத் தேடினாலும், கப்பல் தாமதமாவதற்காகச் சந்தோஷப்படுகிற ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பார்டர்லைன் அண்ணாச்சி.

சென்னையிலிருந்து கப்பல் வரவில்லை என்றால் போர்ட் பிளேர் சந்தையில் உருளைக்கிழங்கை நகைக்கடை மரியாதையோடு எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்போம். முட்டை தலைமறைவாகும். ஆட்டிறைச்சி வெறும் ஞாபகமாகிவிடும். அலுவலகத்தில் தமிழ், பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று பேதமில்லாமல் எல்லோரும் இந்தியில் புலம்பிக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று கொந்தளிக்கும் கடலை வாஞ்சையோடு பார்ப்பார்.

"இன்னும் ஒரு வாரம் வராம இருக்கட்டும் தங்கச்சி. நான் ரத்தம் குடுத்துட்டு வந்துருதேன்."

அவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊருக்குச் சற்றுத் தள்ளிக் கராச்சர்மாவில் வீடு. முதன்முதலாகக் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொண்டபோது, ரிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் 'பார்டர்லைன்' என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ப்யூனிலிருந்து பெரிய இன்ஜினியர் வரை ஒருவர் விடாமல் கேட்டார். மறுநாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அந்த முதல் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இது ஏறினால் மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு அந்த வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் மாத்திரை ஆரம்பிச்சாங்க. அந்த வருஷமே நெஞ்சப் பிடிச்சிட்டுப் போயிட்டான். இங்க அப்போ ஒரே புயலு. கப்பலும் இல்ல, ஃப்ளைட்டும் இல்ல. முகத்தக்கூடப் பாக்கல" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லும்போது, ஏற்கெனவே பூட்டியிருந்த அலமாரியைத் திரும்பவும் பூட்டினார்.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கையின் லட்சியம் ஒன்றே ஒன்று. அந்த மாத்திரை தன் வாய்க்குள் போகக் கூடாது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கிற பையன்களின் வழி. வருஷம் முழுக்க அவர் மனைவி, எங்கள் மதினி, சமைக்கும் தேங்காய்ப்பால் குழம்பும் வறுத்த மீனும், விடுமுறையில் புரோட்டாவும், கப்பல் வந்த அன்று ஆட்டுக்கறியும் தடையின்றி நடக்கும். கப்பல் தாமதமானால் வேறு வழியில்லாமல் வீட்டில் சுரைக்காயும் கீரையும். அந்தச் சுரைக்காய் உள்ளே போய் ஒரு வாரம் ஆனதும் அண்ணாச்சி பதினான்கு மணி நேரம் பச்சைத் தண்ணீரோடு பட்டினி கிடந்து லேபுக்குப் போவார். ரிப்போர்ட்டை எந்த டாக்டரிடமும் காட்ட மாட்டார். எங்களிடம்தான் காட்டுவார்.

"ட்ரைகிளிசரைடு பாத்தியா? பாதியாக் கொறஞ்சிட்டு!"

காட்டும்போது அவருடைய பெருவிரல் ஒரு வரியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், என்று ஒரு வரி அங்கே இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை அலுவலகம் முழுக்க லட்டு வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஹெச்.டி.எல். அம்பதுல இருந்துச்சு. முப்பத்தஞ்சுக்கு இறக்கிட்டேன்!"

அது நல்ல கொலஸ்ட்ரால், ஏறினால்தான் நல்லது, இறங்கக் கூடாது என்று கணக்குப் பிரிவு பெங்காலிக்காரர் சொன்னபோது எல்லோரும் இரண்டாவது லட்டில் இருந்தோம். அண்ணாச்சி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே தாள்ல ஒண்ணு ஏறணும், ஒண்ணு இறங்கணும்னா மனுசன் எப்பிடிய்யா படிக்கது?" என்று லேபின் மேல் கோபித்துக்கொண்டு, மிச்ச லட்டை அவரே சாப்பிட்டார்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் அலுவலகத்தில் திடீரென்று மருத்துவ முகாம் போடும்வரை. முந்தின நாள்தான் கப்பல் வந்திருந்தது. அண்ணாச்சி வீட்டில் மட்டன் பிரியாணி. மிச்சத்தைக் காலையிலும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார். மீட்டிங் அறையில் இளவயது பெங்காலி டாக்டரம்மா ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆயியே அங்கிள்."

"மேடம், ஃபாஸ்டிங் நஹி ஹை! பிரியாணி காயா ஹை!" அண்ணாச்சி பின்வாங்கினார்.

"கோயி பாத் நஹி."

பரவாயில்லை, கொலஸ்ட்ரால் பார்க்கப் பட்டினி கட்டாயமில்லை என்று டாக்டரம்மா சொன்னது, அண்ணாச்சியின் இத்தனை வருஷத் தவத்தை ஒரே நொடியில் கலைத்துவிட்டது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நான் சிரித்தேன். ஒல்லியாக இருப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் வராது என்பது என்னுடைய மருத்துவ ஞானம். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நானும் பார்டர்லைன். அண்ணாச்சி தனக்கு வந்ததை மறந்து, "தங்கச்சியும் நம்ம கட்சி!" என்று அன்று முழுக்க ஊருக்கெல்லாம் சொன்னார்.

அவருடைய ரிப்போர்ட்டில் பாதி வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. "இது என் ரத்தமே இல்ல. பிரியாணியோட ரத்தம்" என்று வாதாடினார். டாக்டரம்மா சளைக்கவில்லை. ட்ரைகிளிசரைடு வேண்டுமானால் பிரியாணியால் ஏறியிருக்கும், எல்.டி.எல். ஒருவேளைச் சாப்பாட்டுக்கெல்லாம் அசையாது, சந்தேகமிருந்தால் உங்கள் இஷ்டம்போலத் தயாராகி வாருங்கள், மறுபடி பார்ப்போம் என்றார்.

அண்ணாச்சி தயாரானார். அவருடைய அதிர்ஷ்டம், மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கடல் பொங்கியது. கப்பல் சென்னையை விட்டே கிளம்பவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுக் குடையோடு கராச்சர்மாவுக்கு நடந்தார். மதினி எனக்குப் போன் செய்தார்.

"சொரைக்காயப் பாத்து அழுதுட்டே சாப்பிடுதாவ. நீங்களாவது ரெண்டு வார்த்த சொல்லக்கூடாதா?"

இரண்டாவது ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, அண்ணாச்சி தன்னுடைய இந்தியை நம்பாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று தாளைத் தூக்கிக் காட்டினார்.

"தேகியே மேடம். ட்ரைகிளிசரைடு ஏக்தம் நார்மல்!"

டாக்டரம்மா தாளைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் கையைப் பார்த்தார்.

"அங்கிள், அங்கூட்டா ஹடாயியே."

பெருவிரலை எடுங்கள் என்பதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி எடுத்தார். எல்.டி.எல். பிரியாணி அன்று இருந்த இடத்திலிருந்து ஒரு அடிகூட நகர்ந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பற்றி அவரே இந்தியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். மாத்திரைதான் அவனைக் கொன்றது என்றும் சொன்னார்.

டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் ஈரலே தயாரிக்கிறது, சில குடும்பங்களில் உடம்பு அதைச் சரியாக வெளியேற்றாது, சுரைக்காயும் நடையும் நல்லதுதான், ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது. உங்கள் அண்ணனுக்கு அடைப்பு பல வருஷமாகவே வளர்ந்திருக்கும், மாத்திரை அவரைக் கொல்லவில்லை, அது அவரிடம் வந்துசேரத்தான் தாமதமாகியிருக்கும் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அண்ணாச்சி ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அவனுக்கு லேட்டாயிட்டு தங்கச்சி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குடையை விரிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

முதல் மாத்திரையை ஸ்டோர்ஸில் எங்கள் அனைவர் முன்னிலையிலும் விழுங்கினார். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, "ஒண்ணும் ஆவலியே" என்றார் ஏமாற்றத்தோடு. மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். இறங்கியது. இறங்கலாமா என்று கணக்குப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொண்டு கொய்யாப்பழம் வாங்கி வந்தார்.

இப்போதும் கப்பல் தாமதமாகிறது. மாத்திரை கேட்டால் மருந்துக் கடைக்காரர் கையை விரித்து, "ஜஹாஸ் ஆனே தோ", கப்பல் வரட்டும் என்கிறார். கப்பல் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த மனிதர், அதே ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று, "எங்க வருதுன்னு போன் போட்டுக் கேளு தங்கச்சி" என்று என்னைப் பிடுங்குகிறார். நான் அலுத்துக்கொண்டுதான் கேட்கிறேன். போன வாரம் சனிக்கிழமை ஹாடோ துறைமுகம் பக்கம் போனபோது, கடலில் தூரத்தில் கப்பல் தெரிந்தது. வீட்டில் உருளைக்கிழங்கு தீர்ந்து நாளாகியிருந்தது, வெங்காயமும் இல்லை. எனக்கு இரண்டுமே நினைவுக்கு வரவில்லை. அண்ணாச்சிக்கு மாத்திரை வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.