நகம் பார்க்கும் சாமி

கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நகச்சாமி வந்து இறங்கிய மூன்றாம் வாரமே, விடியுமுன் டோக்கன் தீர்ந்துபோனது. ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். விரலை நீட்டினால் போதும். நகம் வெடித்திருக்கிறதா? செய்வினை. கறுத்திருக்கிறதா? பொல்லாத செய்வினை. நன்றாக இருக்கிறதா? இனிமேல்தான் வரப்போகிறது. ஆக, விரல் உள்ள யாரும் தப்ப முடியாது.

தனக்கும் செய்வினைதான் என்பதில் முத்துக்கனிக்குச் சந்தேகமே இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு வலது கட்டைவிரல் நகம் கறுத்து, நெடுக்காகப் பிளந்திருந்தது. சாமி அதில் மஞ்சள் தீர்த்தம் ஒரு சொட்டு விட்டார். தீர்த்தம் இரத்தமாய்ச் சிவந்தது.

"பக்கத்துல இருந்து சோறு திங்குதவ வச்ச வேல இது. நகத்த வெட்டாத, எண்ணெ தொடாத. வெட்டினா வினை உள்ள எறங்கும்" என்று சொல்லி, காணிக்கை வாங்கிக்கொண்டு விரலுக்கு ஒரு செப்புக்கூடு மாட்டிவிட்டார்.

பக்கத்தில் இருந்து சோறு தின்பவள் அவளுடைய அண்ணன் மனைவி உலகம்மைதான். ஒரே ஆபீஸ், ஒரே வரிசை, ஒரே மீன்குழம்பு. மறுநாளே முத்துக்கனி சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தனியே போய் உட்கார்ந்தாள். உலகம்மையின் மகள் தன்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இந்த அத்தையின் மடியிலேயே வளர்ந்த பிள்ளை. "நான் வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிட்டாள் அத்தை. செப்புக்கூட்டுக்குள் நகம் நீர் கோத்துச் சீழ் வைத்தது. வினை வெளியே வருகிறதாம்! சாமி பூரித்தார்.

உலகம்மை சண்டைக்கு வரவில்லை. அடுத்த முறை முத்துக்கனிக்குப் பின்னாலேயே வரிசையில் நின்று, இரண்டு கையையும் சாமியிடம் நீட்டினாள். இடது கை நகங்கள் சிவந்தன. வலது கையில் தீர்த்தம் மஞ்சளாகவே நின்றது.

"செய்வின எடது கைக்கு மட்டுந்தானா சாமி?"

"அது... ஒன் குலதெய்வம் வலப்பக்கம் காவலிருக்கு."

"காவலிருந்தது எலுமிச்சங்கா, சாமி. அந்தக் கைய வீட்டுல நல்லாத் தேச்சுக் கழுவினேன். இந்தக் கைய வேல முடிஞ்ச மாதிரியே கொண்டாந்தேன்."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். விறகுச் சாம்பல். முந்திரி எண்ணெய் தோலைப் பொசுக்காமல் இருக்க ஆபீஸ் பெண்கள் கையில் பூசுவது. நகவெடிப்பில் புகுந்தால் எத்தனை முறை கழுவினாலும் இலேசில் போகாது.

"கொஞ்சம் வெரல நீட்டும்."

சாமி நீட்டவில்லை. கூட வேலை செய்யும் குளோரி பிடித்து நீட்டவைத்தாள். சாம்பலைப் பூசி, அவருடைய தீர்த்தத்தையே விட்டார்கள். சாமியின் பளபளப்பான நகம் செக்கச்செவேல் என்றானது.

"அய்யோ, சாமிக்கு யாரு செய்வின வச்சா?" என்றாள் குளோரி.

"மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பக் கலந்து ஆரத்தி கரைக்கோம்லா? சாம்பலு பட்டாலும் அப்படித்தான் செவக்கும்" என்று உலகம்மை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "வருசம் முழுக்க ஆரத்தி எடுக்குத பொம்பளைங்க, இங்க வந்து வாயப் பொளந்துட்டு நிக்கோம்."

சாமி கொல்லை வழியாக மறைந்தார். "அப்போ இன்னைக்கு வாங்கின டோக்கன் நாளைக்குச் செல்லுமா?" என்று ஒருவர் கவலைப்பட்டார்.

வெளியே குழாயடியில் முத்துக்கனி தலை நிமிரவில்லை. உலகம்மை செப்புக்கூட்டைக் கழற்றி, விரலைக் கழுவி, பிளவில் துருத்திக்கொண்டிருந்த நகப் பிசிரை நகவெட்டியால் மெல்ல நறுக்கினாள்.

"மைனி, நான்..."

"ஆடாதட்டி, சதையில பட்டுரும். இப்பமே டாக்டர்ட்டப் போவோம். சீழ் ஆறினதும் தெனமும் தேங்காண்ணெ தடவு, கையொற போடாம அண்டி ஒடைக்காத. ஒரு மாசம் இருக்கு. தன்யாவுக்கு நெத்தியில பொட்டு வைக்க இந்த வெரலு வேணும்."

கடவுளை நம்புங்கள், தவறே இல்லை. ஆனால் அவர் தந்த அறிவை வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கும் இடத்தில் அவரைத் தேடாதீர்கள். அவர் அப்போது குழாயடியில் யாருக்கோ நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.