ஊசிக்குச் சிபாரிசு

கடவுள் படைப்பில் சிபாரிசு மாமா என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயிலில் ஜன்னலோரம், பள்ளிக்கூடத்தில் இடம், சுடுகாட்டில் நல்ல மூலை, எதுவானாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்பார். யார் அந்த ஆள்? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இப்போது அவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கிறார். உள்ளே தங்கை புருஷன், தையல்காரர். காலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு வாய் கோணி, பேச்சு போய், வலது கை விழுந்துவிட்டது. தொடை வழியாகக் கம்பி விட்டு, மூளையை அடைத்த ரத்தக்கட்டியை உருவப்போகிறார்கள்.

டாக்டரம்மா தங்கையிடம் வந்தார். "கட்டியை எப்படியும் எடுப்போம்மா. அதோட ஒரு புது ஊசி மருந்தையும் சோதிச்சுப் பாக்குறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. கட்டாயமில்ல. ஆனா சரியா, வேண்டாமான்னு உடனே சொல்லுங்க. தாமதமானா பேச்சு திரும்பாது."

மாமாவின் முகம் மலர்ந்தது. "உங்களுக்குத் தெரியாதுன்னா, தெரிஞ்சவன் ஒருத்தன் இருப்பான்ல?"

"கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுது, சார்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு மேல யாரு?"

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவனைத்தான் தங்கை கண்மூடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா கவுன்சிலரைக் கூப்பிட்டார், கவுன்சிலரின் மச்சானைக் கூப்பிட்டார், அதுவும் போதாமல் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் லாரி விடுகிறவரைக் கூப்பிட்டார். அவர் எதற்கு? உப்புத்தண்ணீர் யாருக்குப் போகிறதென்று தண்ணீர்க்காரனுக்குத் தெரியாதா!

"அண்ணே, நேரமாகுதுண்ணே."

"இரும்மா, லைன்ல இருக்கான். ஒரிஜினலே போடச் சொல்றேன்."

"அவரு வாயைத் திறந்தா போதும்ண்ணே. நீ கொஞ்சம் வாயை மூடு" என்றவள், டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "சரிங்கம்மா. எது விழுந்தாலும் சரி, ஆரம்பிங்க."

கட்டி வெளியே வந்துவிட்டது. சாயங்காலம் தையல்காரர் கண் திறந்து, நாக்குக் குழற, முதல் வார்த்தை பேசினார். "மச்சான்... இன்னும்... போன்லதானா?"

தங்கை அழுதாள், சிரித்தாள், கை கூப்பினாள். மாமாவோ வராண்டா முழுக்கக் கேட்கும்படி, "பாத்தியா? நம்ம ஆளு ஒரிஜினலையே போட்டுட்டான்!" என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். உள்ளே போனது மருந்தா, உப்புத்தண்ணீரா என்று உங்களுக்கும் அரிக்கிறதல்லவா? சோதனை முடிகிறவரை டாக்டரம்மாவுக்கே தெரியாது. அப்படியும், யாரைப் பிடித்துக் கேட்கலாம் என்று ஒரு பெயர் உங்கள் மனசில் ஓடுகிறதே, அந்த ஆளின் நம்பரை மட்டும் தயவுசெய்து மாமாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.