காருக்கு வாசப் பை கட்டிய கதை

என் மூக்கில் ஒரு பழுதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பீனிசம் இருந்தது, தடிமன் பிடித்திருந்தது, மணம் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லி நான் இன்றைக்குத் தப்பிக்கொள்ளலாம். கேட்பவர்களும் இரக்கப்படுவார்கள். ஆனால் அன்றைக்கு என் மூக்கு மிகச் சரியாகத்தான் வேலை செய்தது. அது முகர்ந்து சொன்னதை விளங்கிக்கொள்ள மேலே ஒரு ஆள் இருக்கவேண்டும் அல்லவா? அங்கேதான் இடம் காலியாக இருந்தது.

பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்க்காரர்கள் ஒரு சின்னக் குப்பியில் பெற்றோலை மருந்துபோலப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். அதில் நாலு சொட்டை விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கார் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் அதற்குள் இருந்து இறங்குகிறவர் அரிக்கன் லாம்பு மாதிரி மணப்பார்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயது. சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். மூன்று சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயிருந்தன. நாலாவது கரவெட்டியிலிருந்து வந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாய் உடுவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்து ‘ஓம்’ என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அவர் வந்து சேருவதில்தான் சிக்கல்.

“அந்த அம்மாவுக்கு மண்ணெண்ணெய் மணம் துப்பரவா ஒத்துவராது,” என்றார் தரகர். “போனமுறை மானிப்பாயிலை ஒரு பிள்ளையைப் பாக்கப் போகேக்கை பாதி வழியிலை சத்தி எடுத்துப்போட்டா. சகுனம் சரியில்லையெண்டு காரைத் திருப்பிக்கொண்டு போட்டா. பிள்ளையின்ரை முகத்தைக்கூடப் பாக்கேல்லை.”

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்பா இல்லாத வீடு. ஆம்பிளை என்று இருந்தது நான் ஒருவன். இருபத்துமூன்று வயது, வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்தவன். “காரை என்னட்டை விடுங்கோ,” என்றேன். (எங்கள் குடும்பத்தில் இந்த வசனத்தை இப்போதும் யாராவது சொன்னால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.)

என் துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கொழும்புக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் ஜப்பான் காரில் பத்து நிமிடம் இருந்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு சின்னத் துணிப் பை தொங்கியது. கார் முழுக்க வாசம். வேலை கிடைக்கவில்லை, ஆனால் காருக்கு வாசம் போடுவதில் நிபுணன் என்ற எண்ணத்தோடு ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் குடியிருந்த வல்லிபுரம் அண்ணையிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதைத்தான் வாடகைக்குப் பேசினோம். என் ஆராய்ச்சியும் அதற்குள்தான் நடந்தது. முதலில் ஏலக்காய், கறுவா, கராம்பு மூன்றையும் இடித்துப் பையில் கட்டித் தொங்கவிட்டேன். வல்லிபுரம் அண்ணை உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, காருக்குள்ளை இருக்கப் பசிக்குது,” என்றார். அடுத்து மல்லிகைப்பூ. மத்தியான வெயிலில் அது வாடி, மண்ணெண்ணெயோடு சேர்ந்து, ஏதோ பூனை செத்துக் கிடப்பதுபோல ஆயிற்று. மூன்றாவதாகச் சந்தன சோப்பைச் சீவிப் போட்டேன். சவர்க்காரத்துக்கு ஊரே அலைந்த காலத்தில் இது கொலைக்குச் சமமான குற்றம். அம்மா ஒவ்வொரு சீவலாக எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அக்கா இதையெல்லாம் கொப்பிகள் திருத்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடா, காருக்கு வாசம் பூசியே என்னைக் கட்டிக்குடுக்கப் போறியோ?”

“நீ பேசாமல் இரு. எல்லாம் உனக்காகத்தான்.”

“அதுதானே பயமாக் கிடக்கு.”

கடைசியாகச் சுன்னாகத்தில் ஒரு மருந்துச் சரக்குக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு சாடியாகத் திறக்கச் சொல்லி முகர்ந்தேன். சந்தனத்தூள், வெட்டிவேர், சாம்பிராணி. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது மனதுக்குள் ஏதோ அசைந்தது. ஆழமான, கனமான, மரியாதையான வாசம். இதை முன்பே எங்கேயோ முகர்ந்திருக்கிறேன், பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில், எல்லோரும் அடக்கமாக நின்ற இடத்தில். (எங்கே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே தேவை இருந்திருக்காது.)

“நாளைக்குக் காலமை காருக்குள்ளை வைக்கோணும். ஒரு மணமும் வெளியிலை தெரியக்கூடாது,” என்று கடைக்காரரிடம் விளங்கப்படுத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாம்பிராணியில் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். “மனதைத் தளரவிடாதையும் தம்பி,” என்றார். அக்காவின் சம்பந்தத்துக்கு ஊரே துணை நிற்கிறது என்று எனக்குக் கண் கலங்கியது.

வீட்டில் வேட்டித் துண்டைக் கிழித்துப் பன்னிரண்டு பைகள் தைத்தேன். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகும் மண்ணெண்ணெயை வெல்ல ஒரு பலம் போதாதுபோல இருந்தது. அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு போத்தல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் பல வருடமாக உடைக்காமல் கிடந்தது. சும்மா கிடக்கிறதுதானே என்று பன்னிரண்டு பைகளிலும் ஊற்றினேன். முழுப் போத்தலும் முடிந்தது. பிறகு பைகளை இருக்கைகளுக்குக் கீழே, கதவுப் பொந்துகளில், கண்ணாடியில் என்று இடமில்லாமல் கட்டினேன். இருக்கைகள் கிழிந்திருந்தன, அதற்கு மேலே சலவை செய்த வெள்ளை விரிப்பை இழுத்து விரித்தேன். வாசம் வீணாகக்கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டினேன். ஒரு இரவு முழுக்க அது உள்ளே கிடந்து ஊறியது.

காலமை வல்லிபுரம் அண்ணை கதவைத் திறந்தவர் ஒரு அடி பின்னால் வைத்தார். “மண்ணெண்ணெய் மணக்குதோ?” என்று பெருமையோடு கேட்டேன்.

“இல்லை,” என்றார். பிறகு திருநீறை எடுத்துப் பூசிக்கொண்டு ஏறினார்.

கரவெட்டியில் மாப்பிள்ளையின் தாய் சலவைச் சேலையோடு தயாராக நின்றார். பெயர் பாக்கியம்; நான் மாமி என்று கூப்பிட்டேன். துணைக்கு அவருடைய தமையனார், ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்டர். மாமி மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டுதான் ஏறினார். கதவைச் சாத்தியதும் மெதுவாக லேஞ்சியை எடுத்தார். ஒருதரம் மூச்சை இழுத்தார். முகம் மாறியது.

“தம்பி, ஆர் மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை மாமி.”

“மறைக்காதையும். இந்தக் காரிலை ஆரையோ ஏத்தியிருக்கு.”

வல்லிபுரம் அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. “என்ரை காரிலை பிரேதம் ஏத்துறேல்லை அம்மா. உது தம்பியின்ரை வேலை.”

அப்போதுதான் எனக்கு வெளித்தது. சந்தனம், சாம்பிராணி, ஓடிக்கொலோன், வெள்ளைத் துணி. பெரிய மனிதர்கள் அடக்கமாக நின்றார்களே, அந்த இடம். எங்கள் பெரியப்பாவைக் கிடத்தியிருந்த மண்டபம்! நான் காருக்கு வாசம் போடவில்லை. ஒரு செத்தவீட்டை மடித்துக் காருக்குள் வைத்திருக்கிறேன்.

கண்ணாடியை இறக்கினேன். இரவு முழுக்க ஊறியது எங்கே போகும்? நெல்லியடி தாண்டுவதற்குள் மாமியின் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் மாமா காலமானவர். “அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தேக்கை இதே வாசம்தான் அண்ணை,” என்றார் தமையனாரிடம். வல்லை வெளியில் விம்மல். காற்றில் மணல் அடித்ததால் தமையனார் கண்ணாடியைத் திரும்ப ஏற்றினார். அதோடு விம்மல் பெரிய அழுகையாயிற்று. புத்தூருக்கு வரும்போது மாமி மாமாவின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ராகத்தோடு அழுதுகொண்டிருந்தார். தமையனாரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: சத்தி மட்டும் வரவில்லை.

அந்த நாட்களில் றோட்டில் கார் என்பதே அருமை. எல்லோரும் சைக்கிள்தான். கார் போனால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் வருத்தக்காரர், இல்லாவிட்டால் சாவு. உள்ளே வெள்ளை விரிப்பும் அழுகையுமாக ஒரு கார் வந்தால் பிறகு கேள்வியே இல்லை. எதிரே வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்தார். நான் முன் இருக்கையில் இருந்து, அவர்கள் மரியாதைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், தலையைத் தலையை ஆட்டினேன்.

சுன்னாகத்தில் கார் நின்றுவிட்டது. வல்லிபுரம் அண்ணை பொனற்றைத் திறந்து பெற்றோல் குப்பியோடு மல்லுக்கட்டினார். எனக்கோ வாசத்தில் தலை பிளந்தது. இருக்கையில் சாய்ந்து, லேஞ்சியை முகத்தில் விரித்துக்கொண்டு கண்ணை மூடினேன். இதுதான் அன்றைக்கு நான் விட்ட கடைசிப் பிழை. மிகப் பெரியதும் அதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணை அந்த வழியால் சைக்கிளில் வந்திருக்கிறார். கார் தெரிந்த கார். கிட்ட வர வாசம். உள்ளே யாரோ ஒரு அம்மா கதறுகிறார். முன் இருக்கையில் முகம் மூடியபடி நான். அப்படியான நேரத்தில் நின்று விடுப்பு விசாரிப்பது அழகில்லை என்று நினைக்கிற மனுசன் அவர். ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை மிதித்து நேரே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கார் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. முகப்பில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. படலையடியில் யாரோ கதிரை அடுக்கினார்கள். சம்பந்தக்காரரை வரவேற்க வைத்திருந்த நிறைகுடத்தை ஒருவர் அவசரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார். “ஐயோ, இங்கைதான் மோசம் போயிருக்கு!” என்று மாமி இன்னும் பெரிதாக அழுதார். நானும் பயந்துபோனேன். அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

படலைக்குள்ளிருந்து அக்கா ஓடிவந்தாள். தலைமயிர் அவிழ்ந்து, கட்டியிருந்த பட்டுச்சேலை மண்ணில் இழுபட, “என்ரை தம்பி, என்ரை தம்பி!” என்று அவள் கத்திய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து என்னைக் குட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாதவள். எனக்காக இப்படி அழுவாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. “என்னக்கா, என்ன நடந்தது?” என்றேன்.

அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விட்டாள் ஒரு அறை. பின் இருக்கையில் மாமியின் அழுகை சுவிச்சை நிற்பாட்டியதுபோல நின்றது.

அம்மா வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். “என்ரை ராசா, உயிரோடை இருக்கிறியே!” என்று என் தோளில் முகத்தைப் புதைத்தவர் திடீரென்று நிமிர்ந்து, இன்னொருதரம் முகர்ந்தார். “டேய். இது என்ரை ஓடிக்கொலோன் எல்லே?”

“ஓம் அம்மா.”

“அது என்ரை கடைசி நாளுக்கெண்டு வைச்சிருந்ததடா! இனி இந்தத் தடைக்குள்ளை நான் எங்கை போவன்?”

அதற்குப் பிறகு நடந்த விளக்கங்களை நான் எழுதப்போவதில்லை. நான்காவது சம்பந்தத்தையும் என் கையாலேயே கொன்று, வாசமும் பூசிவிட்டேன் என்று குசினி மூலையில் போய் இருந்துவிட்டேன். உண்மையாகவே அழுதேன். அக்கா முகம் கழுவவும் இல்லை, தலை இழுக்கவும் இல்லை. அப்படியே தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு முன் அறையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. அழுது அழுது கம்மிப்போயிருந்தது.

“தம்பிக்கு உப்பிடி அழுகிறவள் என்ரை பெடியனுக்கும் அழுவாள்,” என்றார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். “தம்பிக்கு உப்பிடி அடிக்கிறவள்... என்ரை பெடியனுக்கு அதுவும் தேவைதான். நல்ல நாளைப் பாருங்கோ.”

அந்த ஆவணியில் கலியாணம் நடந்தது. நான் எந்தக் காருக்கும் பத்து யார் தூரத்துக்குள் வரக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் அந்தச் சம்பந்தத்தின் முதல் ஒற்றுமை. மாமா செத்து மூன்று வருடத்தில் தான் மனம்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று மாமி பிறகு அக்காவிடம் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அதோடு அவர் விட்டாரா? “நான் கண்ணை மூடினா வேறை ஒருத்தரும் வாசச் சரக்கு வாங்கவேண்டாம். உவன்தான் செய்யோணும். உவன்ரை கைதான் கை,” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

மாமிக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் கரவெட்டிக்குப் போனால் வீடே வாசலுக்கு வந்து நின்று சிரிக்கும். போன மாதமும் போயிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் என் குரல் கேட்டதும் தலையைத் தூக்கி, என் பக்கம் மூக்கை நீட்டி இரண்டு தரம் முகர்ந்து பார்த்தார்.

“இன்னும் இல்லைத் தம்பி,” என்றார். “நீர் போயிட்டு ஆறுதலா வாரும்.”