நாற்றுக்கு ஊட்டிய ஸ்டீராய்டு

மருதையன் காரைக்காலில் ஒரு வேளாண் ஆய்வுப் பிரிவில் பதினோரு வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளர். பதவி உயர்வுக்கு ஒரே ஒரு வெற்றிகரமான ஆய்வு தேவை. செடிகளுக்குள்ளேயே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனை நெல் நாற்றுக்குக் கொடுத்தால் உயரமாக வளருமா என்பதை எடுத்துக்கொண்டார். 2007இல் அந்த வார்த்தையைச் சொன்னாலே எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கோப்பு புதுச்சேரிக்குப் போய் ஆட்சேபணையோடு திரும்பியது. ஸ்டீராய்டு விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருளாம். மருதையன் யோசிக்கவே இல்லை. "மேற்படி நாற்றுகள் எந்த விளையாட்டுப் போட்டியிலும் கலந்துகொள்ளாது என இதன்மூலம் சான்றளிக்கிறேன்" என்று எழுதி முத்திரை குத்தினார். எட்டு மாதம் கழித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் அளவில் ஒரு பாட்டில் வந்து சேர்ந்தது.

சிவப்புப் பலகை வைத்த நாற்றுத் தட்டுக்கு மருந்து. வெள்ளைப் பலகைத் தட்டுக்கு வெறும் தண்ணீர். ஊற்றுவது தினக்கூலி அஞ்சுகம், காரைக்கால்மேடு மீனவக் குப்பத்துக்காரி.

பதினைந்தாம் நாள் வெள்ளைப் பலகைத் தட்டு நாலு விரற்கடை கூடுதலாக நின்றது. மருதையன் அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"அஞ்சுகம், இதுக்கு வெறுந்தண்ணிதானே ஊத்துனீங்க?"

"மனசு கேக்கலைங்க சார். ஒரே பந்தியில உக்காரவச்சு ஒரு இலைக்கு மட்டும் பாயசம் ஊத்துவாங்களா? அதான் வீட்டுல மீன் கழுவுன தண்ணிய எடுத்தாந்து ஊத்துனேன்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்துங்க."

மறுநாள் இணை இயக்குநர் கல்யாணசுந்தரி பார்வையிட வருகிறார். உண்மையைச் சொன்னால் மறுபடி கோப்பு, மறுபடி சான்றிதழ், மறுபடி எட்டு மாதம். மருதையன் பலகைகளை இடம் மாற்றி வைத்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பதினோரு வருடத்தில் அவர் இவ்வளவு விரைவாக முடித்த வேலை வேறு இல்லை.

கல்யாணசுந்தரி சிவப்புப் பலகையருகே குனிந்தார். "நல்ல வளர்த்தி. ஏதோ வாடை வருதே?"

"ஹார்மோன் வாடைங்க மேடம்."

"ஹார்மோனுக்கே உரிய வாடை உணரப்பட்டது" என்று கோப்பில் ஏறியது. மருதையன் அதிகாரி ஆனார். ஆபீஸ் மூலமாகவே ஹார்மோன் பாட்டில்கள் விற்பனைக்கு வந்தன; அந்த வாடையைப் பார்த்து வாங்கும்படி விவசாயிகளுக்குத் துண்டுப் பிரசுரமும் போனது.

மூன்றே மாதத்தில் புகார்கள் குவிந்தன. பாட்டிலில் வாடையே இல்லை, ஆகவே போலி! போலி ஒழிப்பு விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் மருதையன். தன்னைத் தானே தேடிப் பிடிக்க வேண்டிய கேவலத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஒரு வழியும் தோன்றியது: பாட்டிலுக்கு ரெண்டு சொட்டு வாடை சேர்த்துவிட்டால் போயிற்று.

"அஞ்சுகம், நாளைக்கு மீன் கழுவுன தண்ணி ஒரு குடம் கொண்டாங்க."

"அதெல்லாம் இப்ப சாக்கடைக்குத்தான் போவுது சார். கொல்லைக் கத்திரிக்கு நம்ம ஆபீஸ் பாட்டில்தான் வாங்கி ஊத்துறேன்."

மருதையன் திகைத்தார். "எது வளத்துச்சுன்னு நீங்க கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேன். ஆனா அவ்ளோ பெரிய மேடமே கையெழுத்துப் போட்டிருக்காங்க. என் கண்ணுலதான் கோளாறுன்னு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடி வாங்கிட்டேன்."

புதுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அஞ்சுகம் அவரை மரியாதையோடு பார்த்தாள்.

"கத்திரி வளந்துச்சா?"

"இல்லீங்க சார். கண்ணாடிப் பவர் பத்தலைபோல."