அக்காவின் குரலில் ஒரு விண்ணப்பம்

போன் நாலாவது தடவையாக அதிர்ந்து, மேசை விளிம்பு வரை நகர்ந்து வந்துவிட்டது. அப்போதும் சின்னவள் அதைத் தொடவில்லை. கொதிக்கும் குடுவையைப் பார்ப்பதுபோல் ஓரடி தள்ளி நின்று பார்த்தாள்.

அடித்து ஓய்ந்ததும் மின்னஞ்சல் வந்தது.

'தங்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மீண்டும் அழைக்கிறோம். மனிதவள அதிகாரி.'

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வாளர் வேலை. வேதியியலில் பட்டம் வாங்கிப் பதினோரு மாதத்தில் அவள் போட்ட விண்ணப்பங்கள் இருபத்துமூன்று. பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான். இதுவும் போனால் மறுபடி எங்கே தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அமிலத்தைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. முகம் தெரியாதவரோடு போனில் பேசுவதுதான் ஆகாது. 'ஹலோ' வரைக்கும் வரும். அதற்கப்புறம் தொண்டைக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள்.

"எடுத்துப் பேச வேண்டியதுதானே?" என்றாள் அக்கா. பாலர் பள்ளி ஆசிரியை. நாற்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்காரவைப்பவள்.

"என்ன பேசறதுன்னு எழுதிட்டு இருந்தேன்கா."

"நாலு தடவையும் எழுதிட்டா இருந்தே? இன்னொரு தடவை எடுக்கலேன்னா பேரை அடிச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

சரியாகப் பன்னிரண்டுக்குப் போன் அதிர்ந்தது. எழுதி வைத்திருந்த தாளையும் போனையும் சேர்த்து அக்கா கையில் திணித்தாள் சின்னவள்.

"நீயே பேசுக்கா. நானா பேசு."

"அறிவிருக்கா உனக்கு?" என்று சீறிய அக்கா, பச்சைப் பொத்தானை அழுத்திய மறுகணம் தேனாகிவிட்டாள். "வணக்கம் மேடம்! நான்தான் பேசறேன். காலைல எடுக்க முடியல, மன்னிக்கணும்."

"ஐயோ, இருக்கட்டும்மா. நாங்கதான் தொந்தரவு பண்ணிட்டோம்."

"தொந்தரவா? நீங்க கூப்பிட்டதே பெரிய விஷயம் மேடம்."

வேலை என்ற பேச்சு வருவதற்கே மூன்று நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்துக் குரல் ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி மௌனமாகிவிடும். அக்கா போனைப் பொத்திக்கொண்டு, "யோசிச்சு யோசிச்சுப் பேசறாங்க பாரு. பெரிய இடம்டி" என்றாள்.

வைத்ததும் முகமெல்லாம் பூரிப்பு.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. போன்ல இவ்வளவு தெளிவா யாரும் பேசினதே இல்லையாம். அதனால உனக்கு மட்டும் ஒண்ணு சேர்த்திருக்காங்க."

"என்னது?"

"அங்க வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் முன்னாடி நின்னு பத்து நிமிஷம் பேசணும்."

"நீ என்ன சொன்னே?"

"பத்து நிமிஷம் போதுமான்னு கேட்டேன்."

சின்னவள் அன்று சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அத்தான் களத்தில் இறங்கினார். காப்பீட்டு நிறுவனத்தில் கடிதப் பிரிவு. மறுப்புக் கடிதம் எழுதியே பதவி உயர்வு வாங்கியவர்.

"ஆபீஸ் விஷயத்துல எதையும் பட்டுனு மறுக்கக் கூடாது. நான் எழுதித் தரேன், அனுப்பு" என்று உட்கார்ந்து எழுதினார்.

'தவிர்க்க இயலாத சூழ்நிலை காரணமாக, தாங்கள் அன்புடன் அளித்த அரிய வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"இதுல பத்து நிமிஷப் பேச்சுன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே அத்தான்?"

"அதான்மா நாகரிகம்."

மறுநாள் பதில் வந்தது. 'நேர்காணலிலிருந்தே விலகுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்று மாலை ஐந்து மணிக்கு அழைத்து உறுதிசெய்துகொள்கிறோம்.'

ஐந்து மணிக்கு அக்கா பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். போன் அதிரத் தொடங்கியதும் அத்தான், "என் குரல் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"இது என்ன மலையைப் புரட்டற வேலையா? கொண்டா இங்க."

"அம்மா, வேண்டாம்மா..."

"வணக்கம்மா! ஆமா, நான்தான். குரலா? தொண்டை கட்டிருச்சு. ரெண்டு நாளாப் பேச்சே வரல. அதான் பத்து நிமிஷம் பேச முடியாதுன்னு எழுதினேன். வேலை வேணாம்னு யாரு சொன்னா? வயசு வந்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு நான் படற பாடு..."

சின்னவள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள்.

"...படற பாடுன்னு எங்கம்மா புலம்பறாங்கன்னு சொல்ல வந்தேன்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றது போன். நீண்ட மௌனம். பிறகு அதே குரல் உற்சாகமாகத் திரும்பி வந்தது. "அப்ப நீங்க பேசவே வேணாம்மா. இன்டர்வியூ முழுக்க எழுதியே நடத்திக்கலாம். எங்களுக்கும் அதுதான் வசதி."

அம்மா வெற்றியோடு போனை நீட்டினாள். "முடிஞ்சுதா?"

"இனிமே அங்க போயி நான் வாயே திறக்கக் கூடாதும்மா!"

"நீ என்னிக்குத் திறந்தே?"

வியாழக்கிழமை அக்கா அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாசலிலேயே காத்திருந்தாள். கழுத்தில் அத்தானின் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு சின்னவள் உள்ளே போனாள்.

சின்ன அறை. அலமாரி நிறைய, சீட்டு ஒட்டிய தண்ணீர்ப் புட்டிகள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி, மனிதவள அதிகாரி. தலையை மட்டும் அசைத்து நாற்காலியைக் காட்டினார். வெள்ளைத் தாளில் ஒரு கேள்வியை எழுதி நகர்த்தினார்.

'நீரின் கடினத்தன்மையை எப்படி அளப்பீர்கள்?'

சின்னவள் ஒரு பக்கம் எழுதினாள். குடுவையில் நீரின் கருஞ்சிவப்பு நிறத்தை நீலமாக மாற்றும் அந்தக் கடைசிச் சொட்டைப் பற்றி எழுதும்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. அரைமணி நேரம் இரண்டு பேனாக்கள் கீறும் ஓசை மட்டும்தான். தன் பொய்த் தொண்டைக்கட்டுக்காக இந்த அம்மாள் தானும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

கடைசிக் கேள்வி: 'தங்களிடம் உள்ள சிறந்த குணம்?'

'நேர்மை' என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். அத்தானின் துண்டு கழுத்தில் அரித்தது.

அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கீழே எழுதத் தொடங்கினாள். 'முதல் தடவை போனில் பேசியது என் அக்கா. இரண்டாம் தடவை என் அம்மா. என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. எனக்குப் போனில் பேச வராது. மன்னிக்கவும்.'

அதிகாரி படித்தார். காது மடல்கள் சிவந்தன. மறுபடி படித்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, மணியை அழுத்தினார். பிறகு தாளின் அடியில் விறுவிறுவென்று ஏதோ கிறுக்கினார்.

தன்னை வெளியே அனுப்பத்தான் ஆள் வருகிறது என்று சின்னவளுக்குப் புரிந்தது. இருபத்துநான்காவது விண்ணப்பத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுதியபடியே பையைத் தோளில் மாட்டினாள்.

தேநீர்க் கோப்பைகளோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அதிகாரி தாளை அவரிடம் நீட்டினார். அவர் தட்டை வைத்துவிட்டு, உதடு அசைய முழுவதையும் படித்தார். படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லி எழுதியிருக்காங்கம்மா. மேடத்துக்கும் போன்னாலே உதறல்தான், ரெண்டு தடவையும் அவங்களாப் பேசினது நான்."