சீட்டில் ஆள் இல்லை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வாய்க்கால் கரைப் பராமரிப்பு உதவி அலுவலகம் என்று ஒன்று. அங்கே வாய்க்கால் கரையைத் தவிர மற்ற மரபுகள் எல்லாம் செவ்வனே பராமரிக்கப்படுகின்றன. அதில் தலையாய மரபு, அதிகாரி எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும் என்பது.

ஒருநாள் அதிகாரி பெருமாள்ராஜ் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அது கையில் கிர்ரென்று அதிர்ந்து, 'எழுந்து நில்லுங்கள்' என்று காட்டும். எந்த உத்தரவையும் மீறி அறியாத மனுஷன், எழுந்தார். ஆபீசே எழுந்தது. மனுவோடு வந்த ஜனங்கள் மட்டும் எழவில்லை. அவர்கள் எப்போதும் நிற்கிறவர்கள்தானே!

பாவம், கிளார்க் காந்திமதிநாதன். சாப்பாட்டுக் கிறக்கத்தில் எழ மறந்துபோனார்.

"சீட்டு அவ்வளவு பிடிச்சிருக்கோ? தர்மபுரியில ஒரு சீட்டு காலியா கெடக்காம்" என்றார் அதிகாரி.

காந்திமதிநாதன் சட்டென்று எழுந்து நின்றார். இந்தச் சீட்டுக்காக அவர் பிடிக்காத கால் இல்லை. பக்கத்துச் சீட்டு பெனோவிடம் யோசனை கேட்டார்.

"நானும் அந்த வாட்ச்ச வாங்கணுமா வே?"

"நாடி பாக்கும், தூக்கம் பாக்கும், நடந்தா கணக்கு வைக்கும்."

"நாம எங்க வே நடக்குதோம்? இங்கன ஃபைலே நடக்க மாட்டேங்கு."

"எந்திரிக்கச் சொல்லும்லா! சவத்த வாங்கிப் போடும் வே. சீட்டு முக்கியமா இல்லையா?"

வாங்கினார். அதைப் பார்த்து பெனோ வாங்கினார். அப்புறம் ஆபீஸ் மொத்தமும். சனி பிடித்தது அங்கேதான். ஒரு வாட்ச் எழச் சொன்னது, ஒன்று தண்ணீர் குடிக்கச் சொன்னது, இன்னொன்று வெளியே போய் மூச்சு விடச் சொன்னது. யாராவது எழுந்தால், மேலதிகாரி வந்துவிட்டார் என்று பெருமாள்ராஜ் பதறி எழுவார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும். உட்காரப் போகையில் அடுத்தவர் கை அதிரும். கடைசியில், 'நிர்வாக நலன் கருதி ஊழியர்கள் நின்ற நிலையிலேயே பணியாற்றலாம்' என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் ஜன்னலோரம் நின்று பணியாற்றினார்கள், அதாவது, பேசினார்கள்.

சீவலப்பேரி இசக்கியப்பன், வயலுக்குத் தண்ணீர் வரும் மடையைச் சரிசெய்யக் கேட்டு நடையாய் நடக்கிறவர். போகும்போதெல்லாம் 'சீட்டில் ஆள் இல்லை' என்பார்கள். அன்றைக்குப் பார்த்தார், நிஜமாகவே ஆள் இல்லை. கால் கடுத்தது, காந்திமதிநாதனின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததுதான் தாமதம், நாலு பேர் மனுவை நீட்டினார்கள். வாங்கி அடுக்கி வைத்தார். ஃபேன் காற்று சுகமாய் வந்தது.

காந்திமதிநாதன் ஓடிவந்தார். "அண்ணாச்சி, எந்திரிங்க! அது என் சீட்டு."

இசக்கியப்பன் தலை நிமிரவில்லை. "பைய பாப்போம். போயிட்டு நாளைக்கு வாரும் வே."

ஜன்னலோரம் நின்ற பெருமாள்ராஜ் அசந்துபோய்த் திரும்பினார். "யாருய்யா அது? வேலை தெரிஞ்ச ஆளா இருக்காரே! அந்தச் சீட்டுல அவரே இருக்கட்டும்."

காந்திமதிநாதன் இப்போது தர்மபுரியில் இருக்கிறார். இசக்கியப்பன் புதிதாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கிறார். அந்த மடை மட்டும் அப்படியே கிடக்கிறது.